மூடப்படுவதில்லை, காலியாகின்றன: திருப்பதி, சித்தூர் பல்கலைக்கழகக் கலைத் துறைகளின் நெருக்கடி - ஒரு விளக்கம்

திருப்பதி: பல்கலைக்கழகத்தில் ஒரு துறையை மூட வேண்டுமானால் அதற்குத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்தை விவாதிக்க ஓர் அவை வேண்டும். முடிவுக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். ஆனால், ஆந்திரப் பிரதேசத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் வரலாறு, மெய்யியல், மொழிகள் போன்ற கலைத் துறைகள் நலிவடைவதற்கு இவற்றில் எதுவும் தேவைப்படுவதில்லை. பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவரது இடம் நிரப்பப்படுவதில்லை. அடுத்த ஆண்டு இன்னொருவர் ஓய்வு பெறுகிறார். பெயர்ப்பலகை அப்படியே இருக்க, துறை காலியாகிறது.

இந்த நிலைக்கு நிதிப் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. பணம் தருவது யார், ஆசிரியர்களை நியமிப்பது யார், பாடம் நடத்துவது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று வெவ்வேறு விடைகள் இருப்பது அதற்கு இணையான காரணம். திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் உள்ள இரு பல்கலைக்கழகங்களை முன்வைத்து இச்சிக்கலை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

ஒரே வட்டாரம், இரு பல்கலைக்கழகங்கள்

1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. புதிய மாநிலம் அமைந்த மறு ஆண்டே, 1954 செப்டம்பர் 2ஆம் தேதி, திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. வளாகத்துக்கான நிலத்தைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் வழங்கியது. இராயலசீமைப் பகுதியின் முதல் பல்கலைக்கழகம் என்ற பெருமை அதற்கு உண்டு. மொழிகள், வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், மெய்யியல் ஆகியவை இன்று அதன் கலைக் கல்லூரியின் கீழ் இயங்குகின்றன. தேவஸ்தானம் 1939இல் தொடங்கிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் பின்னாளில் இப்பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது.

இரண்டாவது, குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம். தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் சந்திக்கும் இடத்தில் உள்ளது குப்பம். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மாநில அரசுகளின் ஒத்துழைப்புடன் ஆந்திர அரசு இப்பல்கலைக்கழகத்தை நிறுவியது. திராவிட மொழிகளையும் பழங்குடி மக்களின் மொழிகளையும் ஒப்பிட்டு ஆராய்வது இதன் அடிப்படை நோக்கம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான மொழியியல் அறிஞர் வ.அய். சுப்பிரமணியம் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார்.

2022 ஏப்ரல் 4ஆம் தேதி மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமானது. குப்பம் சித்தூர் மாவட்டத்திலேயே நீடித்தது. மாவட்ட எல்லை மாறினாலும் இரு பல்கலைக்கழகங்களின் நிதி அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வருவாய், அரசு ஆண்டுதோறும் வழங்கும் தொகுப்பு மானியம். இதில் மிகப் பெரும் பகுதி நிரந்தர ஊழியர்களின் ஊதியத்துக்கும், ஓய்வு பெற்றோரின் ஓய்வூதியத்துக்கும் சென்றுவிடுகிறது. மின்கட்டணம், நூலகம், விடுதி, கட்டடப் பராமரிப்பு, ஒப்பந்த ஊழியர்களின் சம்பளம் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகம் தன் சொந்த வருவாயையே நம்ப வேண்டும்.

சொந்த வருவாய்க்கு மரபாக மூன்று வழிகள் இருந்தன. இணைப்புக் கல்லூரிகளிடமிருந்து கிடைக்கும் இணைப்பு மற்றும் தேர்வுக் கட்டணம் முதலாவது. தொலைநிலைக் கல்வி இரண்டாவது. சுயநிதிப் படிப்புகளின் கட்டணம் மூன்றாவது. கடந்த நாற்பது ஆண்டுகளில் முதல் இரண்டும் படிப்படியாகச் சுருங்கிவிட்டன.

இணைப்புக் கல்லூரிகள் குறைந்தது எப்படி?

ஒரு காலத்தில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் ஆளுகை பல மாவட்டங்களில் பரவியிருந்தது. அனந்தபுரத்தில் அது நடத்திய முதுநிலை மையம் வளர்ந்து 1981இல் ஸ்ரீ கிருஷ்ணதேவராயா பல்கலைக்கழகமாயிற்று. கடப்பையில் இருந்த மையம் 2006இல் யோகி வேமனா பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. 2008இல் நெல்லூருக்கு விக்ரம சிம்மபுரி பல்கலைக்கழகம் கிடைத்தது.

அந்தந்த மாவட்ட மாணவர்களுக்கு இது நன்மையே. ஆனால், தாய்ப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வேறொரு விளைவு ஏற்பட்டது. இணைப்புக் கல்லூரிகளுடன் அவற்றின் தேர்வுக் கட்டணமும் விலகிச் சென்றது. பெரிய ஆளுகைப் பரப்புக்கு ஏற்ப நியமிக்கப்பட்ட ஊழியர்களின் ஊதியமும், பின்னர் ஓய்வூதியமும் திருப்பதியிலேயே தங்கின.

தொலைநிலைக் கல்விக்கு என்ன ஆனது?

நாடு முழுவதும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தொலைநிலைக் கல்வி நீண்ட காலம் கைகொடுத்தது. அதில் அதிகம் சேர்ந்தவர்கள் இளங்கலை, முதுகலைக் கலைப் படிப்புகளில்தான். ஆய்வகம் தேவையில்லை, பாடநூலும் தேர்வு மையமும் போதும். வளாகத்துக் கலைத் துறைகளில் மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், அதே பாடங்களின் தொலைநிலைப் பிரிவு பல்கலைக்கழகத்துக்கு வருவாய் ஈட்டித் தந்தது.

2013க்குப் பிறகு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆளுகை எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையங்களை நடத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழு எனப்படும் யுஜிசி கண்டிப்புடன் தடுத்தது. 2017ஆம் ஆண்டின் திறந்தநிலை மற்றும் தொலைநிலைக் கல்வி விதிமுறைகள், தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பான நாக் வழங்கும் மதிப்பெண்ணை அனுமதிக்கான நிபந்தனையாக்கின. ஒவ்வொரு படிப்புக்கும் தனி முழுநேர ஆசிரியர்களும் கோரப்பட்டனர். தரக்குறைவான மையங்களைக் களைவதற்கு இவ்விதிகள் உதவின. எனினும், கலைத் துறைகளுக்கு மறைமுகமாகத் துணை நின்ற வருவாய் அத்துடன் வற்றியது. அதற்கு ஈடாக மானியம் உயர்த்தப்படவில்லை.

செலவு கூடியது ஏன்?

ஆசிரியர்களின் ஊதிய விகிதத்தைத் தீர்மானிப்பது யுஜிசி. ஏழாவது ஊதியக் குழுவின் அடிப்படையிலான உயர்வு 2016 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டது. அதனால் ஏற்பட்ட கூடுதல் செலவில் பாதியை மத்திய அரசு ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால், அந்த உதவி 39 மாதங்களுக்கு மட்டுமே. 2019 மார்ச் 31க்குப் பிறகான முழுச் சுமையும் மாநிலத்தின் மீது விழுந்தது. ஊதிய விகிதம் டெல்லியில் முடிவாகிறது, மானியத் தொகை மாநிலத் தலைநகரில் முடிவாகிறது, இரண்டுக்கும் இடையிலான பற்றாக்குறையைப் பல்கலைக்கழகம் சமாளிக்க வேண்டியுள்ளது.

ஓய்வூதியம் அடுத்த சுமை. ஆந்திராவில் 2004 செப்டம்பர் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருகிறார்கள். எழுபது ஆண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பழைய திட்டத்தின் கீழ் ஓய்வு பெற்றோர் பட்டியல் நீளமானது. பணியில் இருக்கும் ஆசிரியர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, ஓய்வூதியப் பொறுப்பு நீடிக்கிறது. அது சட்டப்படி கட்டாயமாக வழங்க வேண்டிய தொகை, நிறுத்த முடியாது. நிறுத்தி வைக்கக்கூடியது புதிய நியமனம் ஒன்றுதான்.

கலைத் துறைகள் முதலில் பாதிக்கப்படுவது ஏன்?

அறிவியல் துறைக்கு ஆய்வுத் திட்ட நிதி வருகிறது. கருவி வாங்கவும், ஆய்வு உதவியாளரை அமர்த்தவும் மத்திய அறிவியல் துறைகளின் திட்டங்கள் உதவுகின்றன. வணிகவியல், மேலாண்மை, கணினிப் படிப்புகளுக்குச் சுயநிதிக் கட்டணம் உண்டு. வரலாற்றுத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் பெரும்பாலும் மானியம் ஒன்றே ஆதாரம். மானியம் இறுகும்போது முதலில் மூச்சுத் திணறுவது அவைதான்.

மாணவர் சேர்க்கையிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. முதுநிலைப் படிப்புகளுக்கு முன்பு ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தியது. 2021 முதல் மாநிலம் முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. மாணவர்களுக்குப் பலமுறை விண்ணப்பிக்கும் அலைச்சல் குறைந்தது. சேர்க்கை அட்டவணையைத் தீர்மானிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போனது.

2023-24 கல்வியாண்டில், மூன்று முதன்மைப் பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் பழைய இளங்கலை முறைக்குப் பதிலாக ஒற்றை முதன்மைப் பாட முறை கொண்டுவரப்பட்டது. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் ஆகிய மூன்றையும் ஒருசேரப் படித்த மாணவர், இனி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய முறையில் ஒரே வகுப்பு மூன்று துறைகளுக்கும் மாணவர்களைத் தந்தது. புதிய முறையில் மூன்றும் தனித்தனியே மாணவர்களைத் தேட வேண்டும். சித்தூர், திருப்பதிக் கல்லூரிகளின் இளங்கலை வகுப்புகளிலிருந்தே பல்கலைக்கழகத்தின் முதுகலை வகுப்புக்கு மாணவர்கள் வருகிறார்கள் என்பதால், கீழே ஏற்படும் மாற்றம் சில ஆண்டுகளில் மேலேயும் தெரியும்.

முடிவெடுப்பது யார்?

1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் செனட், சிண்டிகேட், கல்விக் குழு ஆகிய அவைகளுடன் தொடங்கியது. 1991ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசப் பல்கலைக்கழகங்கள் சட்டம், ஆந்திரா, உஸ்மானியா, ஸ்ரீ வெங்கடேஸ்வரா உள்ளிட்ட பல்கலைக்கழகங்களை ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நிர்வாக அதிகாரம் ஆட்சிக் குழுவிடமும், கல்வி தொடர்பான அதிகாரம் கல்விப் பேரவையிடமும் வந்தன.

ஆட்சிக் குழுவில் மாநில அரசின் உயர்கல்வித் துறை, நிதித் துறை ஆகியவற்றின் செயலாளர்கள் பதவி வழி உறுப்பினர்கள். ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. ஆனால், அவர்களை அரசு நியமிக்கிறது. சக ஆசிரியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. துணைவேந்தர் நியமனத்துக்கு ஆட்சிக் குழு, யுஜிசி, மாநில அரசு ஆகியவற்றின் பிரதிநிதிகள் அடங்கிய தேடுதல் குழு மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கிறது. பதவிக்காலம் 3 ஆண்டுகள்.

இந்த அமைப்பு அரசியல் மாற்றங்களுக்கு எளிதில் ஆளாகிறது. 2024 ஜூனில் மாநிலத்தில் ஆட்சி மாறியதைத் தொடர்ந்து பல பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் பதவி விலகினர். அடுத்த சில மாதங்கள் பொறுப்புத் துணைவேந்தர்களே நிர்வாகத்தைக் கவனித்தனர். 2025 பிப்ரவரியில் பல பல்கலைக்கழகங்களுக்குப் புதிய துணைவேந்தர்கள் நியமிக்கப்பட்டனர். துறை ஒன்றின் பத்தாண்டுத் திட்டத்தைப் பொறுப்புத் துணைவேந்தரிடம் எதிர்பார்க்க இயலாது.

பல்கலைக்கழகம் தன் சேமிப்பைத் தானே ஆள முடியுமா என்ற கேள்வியும் இதனுடன் எழுந்தது. 2021இன் இறுதியில் விஜயவாடாவின் டாக்டர் என்.டி.ஆர். சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுமார் 400 கோடி ரூபாய் நிதி, மாநில அரசின் நிதிச் சேவைக் கழகத்துக்கு மாற்றப்பட்டது. ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர். திருப்பதியிலிருந்து தொலைவில் நடந்த நிகழ்வு என்றாலும், ஆட்சிக் குழுவின் ஒப்புதல் என்பதன் எல்லை எதுவரை என்பதை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அது உணர்த்தியது.

காலி இடம் என்ன செய்யும்?

ஒரு கலைத் துறையில் 6 ஆசிரியர் இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகளில் நால்வர் ஓய்வு பெறுகிறார்கள், எவரும் நியமிக்கப்படவில்லை. வகுப்புகளை நடத்த ‘அகாடமிக் கன்சல்டன்ட்’ என்ற பெயரில் ஒப்பந்த ஆசிரியர்கள் அமர்த்தப்படுகிறார்கள். பாடம் நடக்கிறது, தேர்வும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துறை இயங்குவதாகவே தெரியும்.

ஆனால், யுஜிசியின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, முழுநேர நிரந்தர ஆசிரியர் மட்டுமே ஆய்வு நெறியாளராக முடியும். பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை ஏற்கவே கூடாது. எனவே, மூத்த பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில் அல்ல, அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் துறையின் ஆய்வுக் கதவு மூடத் தொடங்குகிறது.

அடுத்த கட்டம் பாடத்திட்டக் குழு. பாடத்திட்டத்தை வகுக்கும் அக்குழுவுக்குத் துறையின் மூத்த ஆசிரியர்கள் வேண்டும். இருவர் மட்டுமே எஞ்சிய துறையில் பாடத்திட்டம் பெரும்பாலும் வெளியாரின் கைக்குப் போகிறது, அல்லது பழையதே தொடர்கிறது. நாக் மதிப்பீட்டில் நிரந்தர ஆசிரியர் எண்ணிக்கைக்கும் ஆய்வு வெளியீடுகளுக்கும் மதிப்பெண் உண்டு. அது குறைந்தால் தொலைநிலைக் கல்வி அனுமதி பாதிக்கப்படும். அனுமதி பாதிக்கப்பட்டால் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் நியமனம் மீண்டும் தள்ளிப்போகும். சங்கிலி தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக்கூட எந்த அவையும் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்யவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நியமன முயற்சிகள் நடக்கவில்லையா?

நடந்தன. 2023இல் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 3,200க்கும் மேற்பட்ட ஆசிரியர் இடங்களை நிரப்ப அரசு ஒப்புதல் அளித்து, அறிவிக்கைகளும் வெளியாயின. அந்த எண்ணிக்கையே காலியிடங்களின் அளவை உணர்த்தப் போதுமானது. ஆனால், இட ஒதுக்கீட்டுச் சுழற்சிமுறை உள்ளிட்டவை தொடர்பான வழக்குகளில் அந்த நடைமுறை சிக்கிக்கொண்டது.

நீண்ட காலம் ஒப்பந்த முறையில் பணியாற்றியவர்களின் எதிர்பார்ப்பு ஒருபுறம். புதிதாகத் தகுதி பெற்ற இளைஞர்களின் எதிர்பார்ப்பு மறுபுறம். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக நியமனம் செய்யும்போது இந்த மோதல் தவிர்க்க இயலாததாகிறது. ஆண்டுதோறும் சில இடங்களை நிரப்பும் பழைய வழக்கம் இருந்திருந்தால் ஒரே அறிவிக்கையின் மீது இவ்வளவு சுமை ஏறியிருக்காது.

குப்பத்தின் தனிச்சிக்கல்

திராவிடப் பல்கலைக்கழகத்தின் நிலை இன்னும் நுட்பமானது. அதன் நோக்கம் நான்கு மாநிலங்களுக்கும் உரியது. அன்றாடச் செலவின் பொறுப்போ அடிப்படையில் ஒரு மாநிலத்துடையது. தெலுங்கு, தமிழ், கன்னடம், ஒப்பியல் இலக்கியம், மொழியியல், நாட்டுப்புறவியல் ஆகிய துறைகளில் பெருந்திரளான மாணவர்கள் சேர்வார்கள் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. தலைக்கணக்கைக் கொண்டு அளந்தால் அவை எப்போதும் நட்டத்தில்தான் தெரியும்.

மாணவர் எண்ணிக்கையைப் பெருக்கும் முயற்சி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கும் குப்பமே எடுத்துக்காட்டு. வளாகத்துக்கு வெளியே பெருமளவில் முனைவர் பட்ட ஆய்வாளர்களைப் பதிவு செய்தது அங்கே பெரும் சர்ச்சையாக வெடித்தது. தொலைநிலை வழியில் முனைவர் பட்டம் வழங்குவதை யுஜிசியின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்தன. அங்கு பெற்ற பட்டங்களின் ஏற்புடைமை குறித்து அண்டை மாநிலங்களிலும் கேள்விகள் எழுந்தன. முறையாக ஆய்வு செய்து பட்டம் பெற்றவர்களும் அந்தச் சந்தேகத்தின் நிழலில் நிற்க நேர்ந்தது. ஒரு நெறியாளர் எத்தனை பேரை ஏற்கலாம் என்ற எளிய கேள்வியைக் கேட்டு நிறுத்தும் வலிமை கல்வி அவைகளுக்கு இருந்திருந்தால், விவகாரம் அந்த அளவுக்குப் போயிருக்காது.

தமிழ்நாட்டின் அனுபவம்

இது ஆந்திராவுக்கு மட்டுமே உரிய சிக்கல் அல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2012இன் இறுதியில் ஊதியம் வழங்க இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டது. 2013இல் தமிழ்நாடு அரசு நிர்வாக அதிகாரியை நியமித்து, பின்னர் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை ஏற்றது. தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் பணி நிரவல் செய்யப்பட்டனர். அங்கே சிக்கல் மிகை நியமனம். திருப்பதியில் சிக்கல் நியமனமின்மை. இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள்: இடங்களின் எண்ணிக்கையைக் கேள்வி கேட்கும் சுதந்திரமான அவை இல்லாமை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 424 கோடி ரூபாய் வரி நிலுவைக்காக வருமான வரித் துறை 2024 பிப்ரவரியில் முடக்கியது. அப்போது அங்கே முழுநேரத் துணைவேந்தர் இல்லை. 2023 ஆகஸ்டில் முந்தையவரின் பதவிக்காலம் முடிந்திருந்தது. நிதி நெருக்கடியும் தலைமை வெற்றிடமும் ஒன்றுசேரும்போது நிறுவனத்தின் சார்பில் பேச ஆள் இல்லாமல் போகிறது என்பதற்கு இது அண்மைச் சான்று.

ஆசிரியர்களின் குரலுக்கு வேறு ஏற்பாடுகளும் நாட்டில் உள்ளன. டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவுக்கு ஆசிரியர்கள் தங்களுக்குள் வாக்களித்து இருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் கல்விக் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்கள் 26 பேர். கேரளத்தின் சிண்டிகேட்டுகளிலும் தேர்தல் வழி ஆசிரியர் பிரதிநிதித்துவம் உண்டு. தேர்தல் இருப்பதால் அங்கே நிதி நெருக்கடி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், நெருக்கடி பற்றிய கேள்வி அவைக் குறிப்பில் பதிவாகிறது.

அமெரிக்காவில் நடந்தது

2023 செப்டம்பரில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 28 பட்டப்படிப்புகளையும் 143 ஆசிரியர் இடங்களையும் நீக்க முடிவு செய்தது. வெளிநாட்டு மொழிப் படிப்புகள் பெரும் பாதிப்புக்குள்ளாயின. அதற்குச் சில நாள்களுக்கு முன் ஆசிரியர்கள் கூடிப் பல்கலைக்கழகத் தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினர். ஆதரவாக 797 வாக்குகளும் எதிராக 100 வாக்குகளும் பதிவாயின.

அந்தத் தீர்மானம் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தவில்லை; படிப்புகள் நீக்கப்பட்டன. ஆனாலும், எந்தத் துறை ஏன் நீக்கப்படுகிறது, எவ்வளவு மிச்சமாகும், முடிவெடுத்தவர் யார் என்பவை அனைவருக்கும் தெரிந்தன. மாணவர்கள் முன்கூட்டியே அறிந்துகொண்டனர். திருப்பதி போன்ற இடங்களில் நிகழும் மெல்லிய தேய்மானத்துக்கு இந்த வெளிப்படைத்தன்மைகூட இல்லை.

முன்னே உள்ள வழிகள் என்ன?

முதலாவது, வெளிப்படையான கணக்கு. ஒவ்வொரு துறையிலும் ஒப்புதல் பெற்ற இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அடுத்த 5 ஆண்டுகளில் ஓய்வு பெறுவோர் எத்தனை பேர் என்ற பட்டியலை ஆண்டுதோறும் கல்விப் பேரவையில் வைக்கலாம். இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, ஓய்வூதியத்தைத் தொகுப்பு மானியத்திலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வைப்பது. அப்போதுதான் கற்பித்தலுக்கு உண்மையில் எவ்வளவு செலவிடப்படுகிறது என்பது தெரியவரும். இன்று மானியம் உயர்ந்ததாகத் தோன்றினாலும், உயர்ந்த தொகை வகுப்பறைக்கு வந்ததா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, பகிர்வு. திருப்பதி நகரிலேயே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2020இல் மத்தியப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் ஆகியவை சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இயங்குகின்றன. மெய்யியல் அல்லது மொழியியல் பாடம் ஒன்றை ஓர் இடத்தில் நடத்தி மற்ற இடங்களின் மாணவர்களும் மதிப்பீட்டுப் புள்ளி பெற வழி செய்யலாம். ஆனால், பகிர்வு என்பது காலியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கான சாக்காக மாறிவிடும் அபாயமும் உண்டு.

நான்காவது, குப்பத்துக்குரியது. தமிழ்த் துறைக்குத் தமிழ்நாடும், கன்னடத் துறைக்குக் கர்நாடகமும் குறிப்பிட்ட ஆசிரியர் இடங்களின் ஊதியத்தை நீண்ட கால ஒப்பந்தத்தின் வழியே ஏற்கலாம். தொடக்கத்தில் நான்கு மாநிலங்கள் சேர்ந்து எடுத்த முயற்சியின் இயல்பான தொடர்ச்சியாக அது அமையும்.

ஐந்தாவது, பிரதிநிதித்துவம். 2035ஆம் ஆண்டுக்குள் உயர்கல்வி நிறுவனங்கள் தற்சார்புள்ள ஆளுநர் குழுக்களால் நிர்வகிக்கப்பட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. அக்குழுக்களில் ஆசிரியர் இடம் யாரால் நிரப்பப்படும் என்பதைப் பொறுத்தே ‘தற்சார்பு’ என்ற சொல்லின் பொருள் அமையும்.

பாதிப்பு யாருக்கு?

தனியார் பல்கலைக்கழகங்கள் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றின் கவனம் பொறியியல், மருத்துவம் சார்ந்த படிப்புகள், மேலாண்மை ஆகியவற்றில் குவிந்துள்ளது. கட்டணம் செலுத்த வசதியுள்ளவருக்குத் தேர்வுகள் பல. வரலாறோ அரசியல் அறிவியலோ படித்துப் போட்டித் தேர்வு எழுத விரும்பும் கிராமப்புற மாணவருக்கு, குறைந்த கட்டணத்தில் விடுதியுடன் கிடைக்கும் இடம் அரசுப் பல்கலைக்கழகம்தான். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ பள்ளிப் படிப்பை முடித்த எல்லைப்புற மாணவருக்குத் தமிழில் முதுகலை படிக்கும் வாய்ப்பு ஆந்திர எல்லைக்குள் மிக அரிது.

அந்த மாணவர் விண்ணப்பிக்கும்போது படிப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், வகுப்பறையும் இருக்கும். ஆய்வைத் தொடர வேண்டும் என்று சொல்லும் நாளில்தான், கையெழுத்திட நெறியாளர் இல்லை என்பது தெரியவரும். அந்த இடத்தை நிரப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தவர் யார் என்று அவர் கேட்டால், பல்கலைக்கழகம் அரசைக் காட்டும். அரசு நீதிமன்ற வழக்கைக் காட்டும். வழக்கு பழைய நியமன விதிகளைக் காட்டும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒருவர் பொறுப்புடன் விடை சொல்லும் ஏற்பாடு அமைவதே, மானியத்தை உயர்த்துவதற்கு ஈடான சீர்திருத்தமாக இருக்கும்.